காற்றடிக்காமல் பஞ்சர் பார்ப்பவர்கள்

"டர்போ போயிடுச்சு சார். மாத்தினாத்தான் வண்டி இழுக்கும்."

பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் ஆவதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. பிக்கப் இல்லை, ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறது, மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டு போன வண்டிக்காரர், பல பத்தாயிரம் ரூபாய்க்கான மதிப்பீட்டுச் சீட்டோடு வெளியே வருகிறார். சின்னப் பட்டறையிலும் இதே தீர்ப்பு, குளிர்சாதன அறையில் காப்பி கொடுக்கும் பெரிய சர்வீஸ் நிலையத்திலும் இதே தீர்ப்பு.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். அவர்கள் சொல்வது இது: ஒன்று, டர்போ பழுதாகக்கூடிய பொருள்தான், புகைபோக்கியின் கொதிப்பில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல், நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுழல்கிற தண்டு எத்தனை நாள் தாங்கும்? இரண்டு, ஸ்கேனரே பி0299 என்று பிழைக் குறியீடு (கோடு) காட்டுகிறது. மூன்று, லீக் இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. வண்டியை ஓடவிட்டு, ஓஸ்களைத் தடவி, ஸ்பிரே அடித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. நான்கு, குழாயைக் கழற்றினால் எண்ணெய் வழிகிறது, தண்டைப் பிடித்தால் ஆடுகிறது. ஐந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு கீறலைத் தேடி நாள் முழுக்க உட்கார வாடிக்கையாளர் நேரம் தருவதில்லை, கூலியும் தருவதில்லை. ஆறு, இதே போன்ற வண்டிகளில் டர்போ மாற்றியதும் சரியாகியிருக்கிறது.

முதலாவதை அப்படியே ஏற்கிறேன். மீதி ஐந்தையும் ஏற்கவில்லை. என் தரப்பு ஒரே வரிதான்: காற்றுப் பாதையில் வெளியிலிருந்து அழுத்தம் ஏற்றிச் சோதிக்காத வரை, டர்போவைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எக்ஸாஸ்ட் வாயுவின் வீண்போகும் ஆற்றலைக் கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். அந்த யோசனையில் டர்போ பாதிதான். அழுத்திய காற்று வழியில் எங்கும் சிந்தாமல் சிலிண்டருக்குப் போய்ச் சேரும் மூடிய பாதை மறுபாதி. ஏர் ஃபில்டர், காற்றின் அளவைக் கணக்கிடும் எம்.ஏ.எஃப். சென்சார், டர்போவின் கம்ப்ரசர், அதிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு ஒரு குழாய், அங்கிருந்து த்ராட்டிலுக்கு இன்னொரு குழாய், கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டு. இடையிடையே ரப்பர் ஓஸ், கிளாம்ப், ஓ-ரிங், கேஸ்கெட். அந்த மறுபாதியைச் சோதிக்காமலே முதல் பாதியைத் தூக்கி எறிவதுதான் இன்றைய வழக்கம்.

1. ஸ்கேனர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதீர்கள்

பி0299 என்ற கோடுக்கு "டர்போ கெட்டுவிட்டது" என்று பொருளில்லை. எதிர்பார்த்த அழுத்தம் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். கணினி ஓர் அழுத்தத்தை எதிர்பார்த்தது, சென்சார் அதைவிடக் குறைவாகக் காட்டியது, அவ்வளவுதான். ஏன் குறைந்தது என்று கணினிக்குத் தெரியாது.

தெரு முனைக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புகார் கொடுத்தால், ஊர்த் தொட்டியின் மோட்டாரை மாற்றுவார்களா? நடுவில் எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று பார்ப்பார்களா? அழுத்தம் குறைய எத்தனையோ காரணங்கள் உண்டு. ஓஸ் கிழிந்திருக்கலாம். இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனை விரிசல் விட்டிருக்கலாம். மிகுதி எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் முழுதாக மூடாமல் இருக்கலாம். உள்ளிருக்கும் வேன்களின் (சின்னத் தகடுகளின்) கோணத்தை வேக்குவத்தால் மாற்றும் வி.ஜி.டி. டர்போவானால், அதன் ஆக்சுவேட்டருக்குப் போகிற, பேனா ரீஃபில் தடிமன் உள்ள சின்ன ஓஸ் வெடித்திருக்கலாம். வேக்குவம் கிடைக்காவிட்டால் வேன்கள் திறந்தபடியே நின்றுவிடும், டர்போ முழு ஆரோக்கியத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டர்போ செய்யும் நிறுவனங்களே வெளியிடும் பழுதறியும் அட்டவணைகளில், பவர் குறைவுக்கான காரணங்களில் காற்றுப் பாதைக் கசிவு இடம்பெறுகிறது. செய்தவர்கள் சொல்வதை மாற்றுகிறவர்கள் படிப்பதில்லை.

2. ஐட்லிங்கில் தேடுகிறீர்கள், கசிவு அங்கே இல்லை

"லீக் பார்த்தாச்சு" என்ற பேச்சின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது டர்போ கிட்டத்தட்ட அழுத்தமே தருவதில்லை. கம்ப்ரசருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாய்களுக்குள் இருப்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தமானால், விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கமும் போகாது. அந்த நேரத்தில் காது வைத்துக் கேட்டு, கை வைத்துத் தடவி, "ஒண்ணுமில்ல" என்பது, காற்றே இல்லாத டியூபைத் தொட்டியில் முக்கி "பஞ்சர் இல்லை" என்பதற்குச் சமம்.

ஸ்பிரே கதை இதைவிட மோசம். ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, சுற்று ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய பெட்ரோல் வண்டிகளுக்கான வித்தை. பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்டில் ஐட்லிங்கின்போது உறிஞ்சல் இருக்கும்; அங்கே ஓட்டை இருந்தால் ஸ்பிரே உள்ளே இழுக்கப்படும், உண்மைதான். ஆனால் டர்போ வண்டியின் குழாய்களில் பெரும்பகுதி த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே உறிஞ்சலே இல்லை. டீசலில் பெரும்பாலும் மேனிஃபோல்டிலும் சொல்லத்தக்க உறிஞ்சல் இருக்காது. எதையும் கண்டுபிடிக்காத சோதனைக்காக, சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் எளிதில் தீப்பற்றும் திரவத்தை அடிக்கிறோம்.

ஒரே ஓட்டை இரண்டு முகம் காட்டும் என்பதையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. எம்.ஏ.எஃப். உள்ள பெட்ரோல் டர்போவில், த்ராட்டிலுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால், ஐட்லிங்கில் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் போதாது, கணினி கூட்டிக் கொடுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து அழுத்தம் ஏறியதும் அதே ஓட்டை வழியாக, கணக்கில் வந்த காற்று வெளியே ஓடும். இப்போது பெட்ரோல் மிகுதி, கணினி குறைக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் ஓட்டை இருந்தால் ஐட்லிங்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், மிதிக்கும்போது மட்டும் பெட்ரோல் மிகும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த எண்களை இரண்டு நிலையிலும் படித்தாலே ஓட்டை எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். கையில் இருக்கும் கருவியைக் கோடு படிக்க மட்டும் வைத்திருக்கிறார்கள்.

3. கண்ணை நம்பாதீர்கள், புகையையும் முழுதாக நம்பாதீர்கள்

35 டிகிரி வெயில் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது 120, 130 டிகிரிக்குச் சூடாகி வெளியேறும். அந்தச் சூட்டையும், எஞ்சினின் ஆட்டத்தையும், எண்ணெய் ஆவியையும் வருடக்கணக்கில் தாங்குகிற ரப்பர் ஓஸ் உப்பும், மெத்தென்றாகும், கடைசியில் கீறும். கீறல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் விழும். வண்டி நிற்கும்போது கீறலின் இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பார் அழுத்தம் ஏறியதும்தான் வாய் திறக்கும்.

என் சொந்த டீசல் வண்டியில் நடந்தது அதுதான். டர்போ மாற்றச் சொன்ன பட்டறையில் எல்லா ஓஸ்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பார்க்கும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன், நானும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தபோது, இன்டர்கூலர் ஓஸின் அடியில் நுரை கொப்பளித்தது. நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்த அதே ஓஸ்.

இப்போது சிலர் புகை இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல கருவி. மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்குவம் ஓஸ், எப்போதும் திறந்தே இருக்கும் ஓட்டை எல்லாவற்றையும் அழகாகக் காட்டும். ஆனால் வழக்கமான புகை இயந்திரம் தருவது ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைவான அழுத்தம். வண்டி ஓடும்போது அந்தக் குழாய் தாங்குவது 15 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல். 15-இல் திறக்கும் வாய் ஒன்றில் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புகை வந்தால் கசிவு உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

4. எண்ணெயும் ஆட்டமும் சாட்சிகளே அல்ல

இன்டர்கூலர் ஓஸைக் கழற்றி, விரலில் எண்ணெயைத் தொட்டுக் காட்டி, "பாருங்க சார், டர்போ சீல் போச்சு" என்கிறார்கள். பார்க்கிறவர் பயந்துவிடுகிறார். பயப்பட அதில் ஒன்றுமில்லை. கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆவி, பிரீதர் ஓஸ் வழியாக டர்போவுக்கு முன்னாலேயே காற்றுப் பாதையில் சேர்க்கப்படுகிறது. அந்த எண்ணெய் ஆவி குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய பிசுக்காகப் படிவது நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் உண்டு. தேங்கி நிற்கும் அளவுக்கு எண்ணெய் இருந்தால் கேள்வி கேட்கலாம். பிசுக்குக்குத் தூக்குத் தண்டனை கிடையாது.

தண்டின் ஆட்டமும் அப்படியே. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங்கில், எஞ்சின் நின்று எண்ணெய் வடிந்த நிலையில் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி நகர்கிறதா, சக்கரத்தின் விளிம்பு கூட்டில் உரசிய தழும்பு இருக்கிறதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

வேடிக்கை என்னவென்றால், அதே எண்ணெய்ப் பிசுக்குத்தான் நல்ல துப்பும். உள்ளே இருக்க வேண்டிய பிசுக்கு ஓஸின் இணைப்புக்கு வெளியே கசிந்து, அதில் சாலைப் புழுதி அப்பிக் கறுத்திருந்தால், காற்று அந்த வழியாகத்தான் ஓடுகிறது என்று பொருள். டர்போவுக்கு எதிராகக் காட்டப்படும் சாட்சி பல வண்டிகளில் உண்மையான குற்றவாளியைக் கை காட்டிக்கொண்டிருக்கிறது.

5. "சின்ன ஓட்டை என்ன பண்ணிடும்?" கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட எண்ணால் சொல்வது நல்லது. குழாய்க்குள் வெளிக்காற்றைப் போல இரு மடங்கு அழுத்தம், அதாவது பூஸ்ட் 1 பார் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை வழியாக விநாடிக்குச் சுமார் 6 கிராம் காற்று வெளியேறும். 1.5 லிட்டர் எஞ்சின் அதே அழுத்தத்தில் 4000 சுற்றில் விழுங்குவது விநாடிக்குச் சுமார் 100 கிராம். 2000 சுற்றில் சுமார் 50 கிராம். ஆக, 4000-இல் நூற்றுக்கு 6 பங்கு இழப்பு, 2000-இல் 12 பங்கு. ஓட்டை 10 மில்லிமீட்டர் ஆனால் வெளியேறுவது நான்கு மடங்கு, 24 கிராம். 2000 சுற்றில் எஞ்சின் விழுங்குவதில் ஏறக்குறைய பாதி.

ஓஸில் விழும் கீறல் வட்ட ஓட்டையாக இருப்பதில்லை. 3 சென்டிமீட்டர் நீளக் கீறல் ஒரு மில்லிமீட்டர் வாய் திறந்தாலே, அதன் பரப்பு 5 மில்லிமீட்டர் ஓட்டையைவிட ஒன்றரை மடங்கு. இழப்பு கீழ்ச் சுற்றில்தான் அதிகம் என்பதையும் கவனியுங்கள். லாரியை முந்த மிதிக்கும்போது, மேம்பாலம் ஏறும்போது, அதாவது வண்டிக்காரர் "இழுக்கல" என்று சொல்கிற அதே இடத்தில்.

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஊசித்துளை கால் கிராம்தான் விடும். அதற்காக வண்டியை அக்கக்காகப் பிரிக்க வேண்டியதில்லை. எந்தக் குமிழி முக்கியம், எது இல்லை என்று சொல்லவும் அழுத்தம் ஏற்றிப் பார்த்தால்தான் முடியும்.

6. நேரமில்லை என்பது சாக்கு

சோதனைக்கு வேண்டியவை: பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. எண்டு கேப் ஒன்று, அதில் துளையிட்டுப் பொருத்த டியூப்லெஸ் டயரின் வால்வு ஒன்று, ஓஸ் கிளாம்ப், பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் கம்ப்ரசர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஒரு புட்டியில் சோப்புத் தண்ணீர். டர்போவைக் கழற்றும் நேரத்தில் இதை இரண்டு முறை செய்துவிடலாம்.

செய்முறையிலும் ஒழுங்கு வேண்டும். எஞ்சின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். மூடியை எம்.ஏ.எஃப்.-க்குப் பின்னால் உள்ள குழாயில் மாட்டினால், டர்போவுக்கு முன்னால் உள்ள பகுதியும் சோதனைக்குள் வரும். அங்கே ஓட்டை இருந்தால் வடிகட்டாத புழுதி நேரே கம்ப்ரசர் சக்கரத்தில் போய் அடிக்கும் என்பதால் அதை விடக் கூடாது. பிரீதர் ஓஸை அடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். அப்போதுதான் கிராங்க் கேஸில் அழுத்தம் தேங்கி ஆயில் சீல் பிதுங்காது. 5 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். அந்த வண்டியின் இயல்பான பூஸ்டைத் தாண்டாதீர்கள். பட்டறைக் கம்ப்ரசரில் 120 பி.எஸ்.ஐ. இருக்கும்; ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் திறந்துவிட்டால் மூடி தோட்டா மாதிரி பறக்கும், மூடிக்கு நேரே நிற்காதீர்கள்.

பிறகு கேளுங்கள். எண்ணெய் மூடி வழியே மெல்லிய சீறல் வந்தால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காற்று, அது இயல்பு. சைலன்சரில் சீறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்து நிற்கலாம். ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால், எக்ஸாஸ்ட்டில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வைச் சந்தேகியுங்கள். மற்ற இடங்களில் சோப்பு நுரை பேசும்.

இதற்கு நியாயமான கூலி கேளுங்கள், தருகிறோம். கூலி வாங்காமல் "பார்த்தாச்சு" என்று சொல்லி, கடைசியில் வண்டிக்காரர் தலையில் ஒரு டர்போவின் விலையைக் கட்டுவதைவிட அது நேர்மையான வியாபாரம்.

7. "புது டர்போ போட்டதும் சரியாச்சே!"

இவர்களுடைய கடைசி ஆயுதம் இது. பலரை வாயடைக்க வைப்பதும் இதுதான். டர்போவை மாற்றும்போது வேறு என்னென்ன மாறுகின்றன என்று யோசித்தால் ஆயுதம் முனை மழுங்கிவிடும். டர்போவைக் கழற்ற வேண்டுமானால் அதோடு சேர்ந்த ஓஸ்களைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட், புது ஓ-ரிங், இறுக்கிய கிளாம்ப், சில சமயம் "பழசா இருக்கு" என்று புது ஓஸ். நான்கைந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கின்றன. வண்டி சரியானதற்கான புகழ் மட்டும் அவற்றில் விலை அதிகமான பொருளுக்குப் போகிறது. தளர்ந்த கிளாம்ப்தான் காரணமாக இருந்திருந்தால், பழைய டர்போவையே கழற்றித் திரும்ப மாட்டியிருந்தாலும் வண்டி இழுத்திருக்கும். அந்தப் பழைய டர்போ எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கசிவு வேறிடத்தில் இருந்து, புது டர்போ மட்டும் மாறியிருந்தால்? அழுத்தம் குறைவதைக் கண்ட கணினி டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைத்து ஈடுகட்டப் பார்க்கும். சின்னக் கசிவானால் ஈடுகட்டியும் விடும். கோடு வராது, விளக்கு எரியாது, தண்டு மட்டும் தன் அளவை மீறிச் சுற்றிக்கொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது நிலைமை இன்னும் கடினம்; 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே முக்கால் பங்குதான். கீழே இரண்டு மடங்கு அமுக்கி எட்டிய அழுத்தத்தை அங்கே எட்ட 2.6 மடங்கு அமுக்க வேண்டும். அதன்மேல் கசிவையும் சுமந்தால் புது டர்போவும் பழைய டர்போவின் வழியே போகும். அப்போது "பொருள் சரியில்ல சார், கம்பெனி டூப்ளிகேட்" என்ற புதுத் தீர்ப்பு தயாராக இருக்கும்.

டர்போ கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டியில், எண்ணெய் வரும் குழாய் கரியால் அடைத்த வண்டியில் அது சாகத்தான் செய்யும். நீலப்புகை, தகரம் உரசும் சத்தம், கூட்டில் விழுந்த தழும்பு, முன்பின் ஆடும் தண்டு என்று சாவுக்கு அதன் அடையாளங்கள் உண்டு. அவற்றைக் காட்டி, காற்றுப் பாதை அழுத்தத்தில் நிற்கிறது என்பதையும் காட்டிவிட்டு மாற்றச் சொன்னால், மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைக்கிறேன்.

ஊர் எல்லையில் புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் பஞ்சர்க்காரரிடம் ஸ்கேனர் கிடையாது. டியூபைக் கழற்றியதும் அவர் முதலில் செய்யும் வேலை அதில் காற்றடிப்பது. பிறகு தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முக்குகிறார். குமிழி வந்த இடத்தைக் குச்சியால் அடையாளம் வைக்கிறார். வால்விலும் ஒரு சொட்டு எச்சிலோ தண்ணீரோ தொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் "டியூப் மாத்தணும்" என்ற பேச்சையே எடுக்கிறார். அவர் வாங்கும் கூலியைவிடப் பல நூறு மடங்கு பில் போடுகிறவர்களிடம் அதே முறையை எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை இல்லை.

அடுத்த முறை யாராவது "டர்போ போச்சு" என்றால், சண்டை வேண்டாம், இயற்பியல் பாடமும் வேண்டாம். ஒரே கேள்வி போதும்: "எத்தனை பி.எஸ்.ஐ. ஏத்திப் பார்த்தீங்கண்ணே?" எண் வந்தால் தொடர்ந்து பேசலாம். எண் வரவில்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.